தரை வழியாக விழுகிற கோளாறு

மார்ச் 3, செவ்வாய்

குழாய் ரிப்பேர்காரன் வந்து வாஷர் மாற்றிவிட்டுப் போனான். தேய்ந்துவிட்டதாம். "போன ஆகஸ்ட் ஒன்பதாம் தேதியும் இதையேதான் சொன்னே. அன்னைக்கு மாத்தினது எங்கே போச்சு?" என்றேன். தலையைச் சொறிந்தான். என்னிடம் தேதி தப்பாது.

மத்தியானம் மருமகள் சீக்கிரமே வந்துவிட்டாள். பல் ஆஸ்பத்திரியில் வருகிறவர்களுக்கு நேரம் குறித்துக் கொடுக்கிற வேலை அவளுக்கு. பையைக்கூடக் கீழே வைக்கவில்லை. "அத்தை, கொஞ்சம் உக்காருங்க" என்றாள். உட்காரச் சொல்லிவிட்டுப் பேசுகிற பேச்சு எதுவும் இந்த வீட்டில் நல்ல பேச்சாக இருந்ததில்லை.

மகனுடைய கம்பெனியை விற்கிறார்களாம். வாங்குவது உலகம் முழுக்கக் கிளை வைத்திருக்கிற பெரிய கம்பெனி. பேத்தி கையில் இருக்கிற போனைத் திருப்பினால் அவர்கள் முத்திரைதான். மகன் உயில் எதுவும் எழுதி வைக்காமல் போய்ச் சேர்ந்ததால் அவன் பங்கு மனைவி, மகள், தாய் மூன்று பேருக்கும் வந்திருக்கிறது. பேத்திக்குப் பதினைந்து வயது, அவளுக்காக அவள் அம்மா கையெழுத்துப் போடலாம். எனக்கு நான்தான் போட வேண்டும். இந்த மாதக் கடைசிக்குள்.

"யாரு விக்கறது?"

"எல்லாரும் சேர்ந்துதான் அத்தை. அவர்தான் முன்னால நின்னு பண்றார்."

அவர் என்றால் ஒட்டடை.

மாட்டேன் என்று சொல்லிவிட்டேன்.

மார்ச் 4, புதன்

மறுபடி கேட்டாள். மறுபடி சொன்னேன்.

மார்ச் 6, வெள்ளி

மருமகள் என்னை வீம்புக்காரி என்று நினைக்கிறாள். நினைக்கட்டும். என் காரணத்தை இங்கேயாவது ஒழுங்காக எழுதி வைக்கிறேன்.

ஒட்டடை மகனுடைய கூட்டாளி. ஒட்டடைக்குச்சி மாதிரி உயரம், உடம்பும் அதே கனம். பெயர் வைத்தது நான்தான். பதினேழு வருஷத்துக்கு முன்னால் இந்த வீட்டுப் பின்னறையில் இரண்டு கணினியை வைத்துக்கொண்டு இரண்டு பேரும் உட்கார்ந்தார்கள். என்னடா செய்கிறீர்கள் என்று கேட்டதற்கு மகன் சொன்னான்: "வீடியோ கேம்ல பந்தை எறிஞ்சா நிஜப் பந்து மாதிரி துள்ளணும்மா. சுவர் இடிஞ்சா சுவர் மாதிரி இடியணும். அந்தக் கணக்கை நாங்க எழுதறோம். கேம் செய்யறவங்க எங்ககிட்ட வாங்கிப் பொருத்திப்பாங்க." இன்றைக்கு உலகத்தில் பாதி விளையாட்டில் பொருள்கள் விழுவது என் மகன் சொல்லிக்கொடுத்த மாதிரிதான். இதைப் பேத்தி சொன்னாள், நானாகச் சொல்லவில்லை.

அப்போது அவர்கள் கணினிக்குள் கண்ணாடி டம்ளர் ஒன்று விழுந்து உடைந்தது. உடைந்த துண்டெல்லாம் ஒரே அளவு, பிஸ்கட் மாதிரி. எனக்குச் சிரிப்பு வந்துவிட்டது. நான் கண்ணாடிச் சாமான் தொழிற்சாலையில் இருபத்தொன்பது வருஷம் பேக்கிங் பிரிவில் இருந்தவள். நூறு பெட்டிக்கு ஒரு பெட்டியை இடுப்பு உயரத்திலிருந்து கீழே போட்டு எத்தனை உடைந்தது என்று பார்ப்பார்கள். பிரிப்பதற்கு முன்னால் சத்தத்தை வைத்தே நான் எண்ணிக்கை சொல்வேன். படித்தது ஐந்தாம் வகுப்பு. ஆனால் விளிம்பு பட்டால் எப்படி, அடிப்பக்கம் பட்டால் எப்படி, தண்ணீரோடு விழுந்தால் எப்படி என்று எனக்குத் தெரியும். அறுபது டம்ளர் வாங்கி வந்தார்கள். நான் சொல்லச் சொல்லப் போட்டு உடைத்தார்கள், படம் பிடித்தார்கள். கூட்டிப் பெருக்கியதும் நான்தான்.

பிறகு, ஏழு வருஷத்துக்கு முன்னால், ஒரு பெரிய விழாவில் அவர்களுக்குப் பரிசு கொடுத்தார்கள். ஜூன் பதினைந்து, சனிக்கிழமை. முதல் வரிசையில் நான். மேடையில் ஒருவர் கேட்டார், கண்ணாடி உடைவது இவ்வளவு நிஜமாக இருக்கிறதே, எங்கே கற்றீர்கள் என்று. ஒட்டடை மைக்கைப் பிடித்து, "நிறைய ஆராய்ச்சிப் புத்தகங்கள் படித்தோம்" என்றான்.

புத்தகமாம்.

அன்றோடு அவனிடம் பேச்சை நிறுத்தினேன். மூன்று வருஷம் என் கையால் சாப்பிட்டவன்.

மார்ச் 8, ஞாயிறு

அது சின்னக் கோபம் என்று வைத்துக்கொண்டாலும், பெரியது இருக்கிறது. ஞாயிற்றுக்கிழமை வந்தால் அது தானாக எழுந்து உட்கார்ந்துகொள்ளும்.

நவம்பர் பத்து. மகனுக்கு நெஞ்சுவலி வந்து மூன்று வாரம் ஆகியிருந்தது. படி ஏறக்கூடாது, ஞாயிறு முழு ஓய்வு, செல்போன் தொடக்கூடாது என்று டாக்டர் உத்தரவு. போனை அணைத்து அலமாரியில் வைத்துவிட்டுப் படுத்திருந்தான். காலை ஆறு பத்துக்கு வீட்டுப் போன் அடித்தது. நான் எடுத்தேன். ஒட்டடை. "அம்மா, நான்தான். அவன்கிட்ட—" என்று ஆரம்பித்தான். அதற்கு மேல் நான் கேட்கவில்லை. வைத்துவிட்டேன். மறுபடி அடித்தது. வைத்தேன். அப்புறம் ரிசீவரை எடுத்துக் கீழே போட்டுவிட்டேன். ஓய்வு நாளில்கூட என் பிள்ளையை வேலைக்குக் கூப்பிடுகிறானே என்று எனக்கு வயிறு எரிந்தது.

ஆனாலும் சேதி எப்படியோ போய்விட்டது. ஏழு மணிக்கு மகன் சட்டை மாட்டிக்கொண்டு வந்து நின்றான். "ஆபீஸ்ல ஒரு கோளாறு. ஒரு மணி நேரத்துல வந்துடறேன்மா." முந்தின நாளிலிருந்து அங்கே லிஃப்ட் ஓடவில்லை. ஆபீஸ் மூன்றாவது மாடி. இரண்டாவது மாடித் திருப்பத்திலேயே உட்கார்ந்துவிட்டான். காவலாள் பார்த்தபோது மணி ஒன்பது.

யார் கூப்பிட்டது? அவனைத் தவிர வேறு யார்?

இந்தக் கையால் அவனுக்குக் கையெழுத்தா?

மார்ச் 11, புதன்

ஒட்டடையே வந்துவிட்டான். மருமகள்தான் உள்ளே விட்டாள். நான் நாற்காலியைச் சுவர்ப் பக்கம் திருப்பிப் போட்டு உட்கார்ந்துகொண்டேன்.

"அம்மா, முப்பத்தெட்டு பேர் அங்க வேலை பாக்கறாங்க. அவனோட சேர்ந்து வந்தவங்க. இந்த மாசம் முடியலேன்னா வாங்கறவங்க விலகிடுவாங்க. நாங்களா இன்னும் ஒரு வருஷம் ஓட்ட முடியாது."

சுவரில் ஒரு விரிசல். அதைப் பார்த்துக்கொண்டே இருந்தேன்.

"உங்க கோபம் எனக்குப் புரியுது."

"புரியுதாமே" என்றேன் சுவரிடம். "ஒரு தாயோட பிள்ளையைச் சாகடிச்சிட்டுப் புரியுதாம்."

"வரேன்மா" என்று போய்விட்டான். இவ்வளவு திட்டுகிறேன், இந்தப் பதினாறு மாதத்தில் ஒரு தடவைகூட எதிர்த்துப் பேசியதில்லை. குற்றமுள்ளவன் எப்படிப் பேசுவான்?

அவன் போனதும் மருமகள் வெடித்தாள். "அந்த ஆபீஸ் பேரைக் கேட்டாலே எனக்கு ராத்திரித் தூக்கம் போயிடுது அத்தை. முடிச்சுக் கைகழுவிட்டா நான் தூங்குவேன். உங்களுக்கு இது ஒரு சண்டை. எனக்கு அப்படி இல்ல."

அவள் என்னிடம் குரல் உயர்த்தியது இது மூன்றாவது தடவை. மற்ற இரண்டுக்கும் தேதி தெரியும். எழுதவில்லை.

மார்ச் 14, சனி

வாங்குகிற கம்பெனியின் வக்கீலம்மா வந்தாள். சின்ன வயசு. நல்ல மரியாதை, அதுவே எனக்குச் சந்தேகம். ஒரு தலையணை உயரத்துக்குக் காகிதம் கொண்டுவந்திருந்தாள்.

என்ன இது என்றேன்.

"யார் எதை எழுதினாங்கங்கிற பட்டியல் பாட்டிம்மா. உங்க மகன் எழுதினது எல்லாம் இதுல தேதியோட, நேரத்தோட இருக்கு. ஒரு வரி மாத்தினாலும் ஏன் மாத்தினோம்னு குறிப்பு போட்டுத்தான் அவங்க வேலை செய்வாங்க. எங்களுக்கு அது முக்கியம்."

"வாங்கினதுக்கு அப்புறம் அவன் பேர் இருக்குமா?"

நேராகச் சொன்னாள். "இருக்காது. எங்க கம்பெனி பேர்தான் இருக்கும்."

பொய் சொல்லாததற்காக அவளுக்கு டீ போட்டுக் கொடுத்தேன். பிறகு சொன்னேன்: "என் பிள்ளை எழுதினதை ஒண்ணு விடாம நான் கேக்கணும். முழுசும் கேட்டுட்டுத்தான் முடிவு." இத்தனை காகிதத்தை யார் வாசிப்பது, மாதம் ஓடிவிடும் என்று கணக்குப் போட்டுத்தான் சொன்னேன். அவள் சரி என்று காகிதக் கட்டை வைத்துவிட்டுப் போய்விட்டாள்!

மார்ச் 16, திங்கள்

பேத்தி பள்ளிக்கூடம் விட்டு வந்ததும் ஆரம்பித்தோம். இங்கிலீஷில் இருப்பதை அவள் தமிழில் சொல்கிறாள். நடுவிலேயே நிறுத்திவிடுவாள் என்றுதான் நினைத்தேன்.

"'பந்து மாடிப்படியில் இறங்காமல் முரண்டு பிடிக்கிறது. காதைத் திருகினேன்.' அப்பாதான் பாட்டி. ஆபீஸ் குறிப்புல யாராவது இப்படி எழுதுவாங்களா?"

அவன் எழுதுவான். அவன் அப்படித்தான்.

மார்ச் 18, புதன்

இன்று இருநூற்றுப் பத்து குறிப்பு. "கயிறு பாம்பு மாதிரி நெளிந்தது. இப்போது கயிறு." "பெட்டிகள் ஒன்றின்மேல் ஒன்று நிற்க மறுக்கின்றன, எங்கள் தெருக் கூட்டம் மாதிரி." அடுக்களையிலிருந்து மருமகள் சிரிக்கிற சத்தம் கேட்டது. நாங்கள் கவனித்ததைப் பார்த்ததும் குழாயைத் திறந்துவிட்டாள்.

கண்ணாடிக் குறிப்பும் வந்தது. "உடைவது சரியாயிற்று. சொல்லிக்கொடுத்தது அம்மா." அதற்குக் கீழே ஒட்டடை ஒரு வரி சேர்த்திருக்கிறான்: "நாம் கூட்டியிருக்க வேண்டும். அம்மாவைப் பெருக்க விட்டுவிட்டோம்."

அதைத் திரும்பப் படிக்கச் சொன்னேன். எழுத்தில் இருக்கிறது, மேடையில் ஏன் இல்லை? அதை நான் விட்டுவிட முடியாது.

மார்ச் 21, சனி

மகனுடைய கடைசிக் குறிப்பு நவம்பர் எட்டு, வெள்ளி. மாலை நான்கு இருபது. "ஆள் நடந்துகொண்டே இருக்கும்போது தரை வழியாகக் கீழே விழுந்துவிடுகிறான். தரை அவனைப் பிடிக்கவில்லை. திங்களன்று இந்த விளையாட்டு வெளியாகிறது. நாளைக்குள் கண்டுபிடிக்க வேண்டும்."

அவ்வளவுதான் என்று நினைத்தேன். பேத்தி தாளைத் திருப்பினாள். இன்னும் இருந்தது. நவம்பர் ஒன்பது, சனி, சாயங்காலம். மகன் பெயர் இல்லை, ஒட்டடையினுடையது. அதையும் படி என்றேன். நான்தான் சொன்னேன்.

"'தரைக் கோளாறு இன்னும் பிடிபடவில்லை. நான் வீட்டிலிருந்தே முயன்று பார்க்கிறேன். முடித்துவிட்டால் அவன் வீட்டுப் போனுக்குச் சொல்வதாகப் பேச்சு. சொல்லாவிட்டால் அவன் காலை ஏழுக்குக் கிளம்பிவிடுவான்.'"

அடுத்தது ஞாயிறு, நவம்பர் பத்து. காலை ஐந்து ஐம்பத்தெட்டு.

"'கோளாறு சரியாயிற்று. அவன் வர வேண்டியதில்லை. வீட்டுக்குப் போன் செய்து சொல்ல வேண்டும்.'"

பேத்தி நிறுத்தினாள். அந்தப் போன் கதையை அவள் என் வாயால் நூறு தடவை கேட்டிருக்கிறாள். வருகிறவர் போகிறவர் எல்லாரிடமும் சொல்லியிருக்கிறேன். தாளைப் பார்த்தாள். என்னைப் பார்க்கவில்லை.

"பாட்டி, தண்ணி குடிக்கறீங்களா?"

மார்ச் 22, ஞாயிறு

ஆறு பத்து. அவன்கிட்ட— என்றான். வர வேண்டாம்னு சொல்லுங்க, அதானே மிச்சம்? இன்னும் மூணு வார்த்தை. மூணே மூணு வார்த்தை நின்னு கேட்டிருந்தா—

கேட்கலையே. வைக்கறதுல அவ்வளவு சந்தோஷம் எனக்கு. ரிசீவரை எடுத்துக் கீழே வெச்சுட்டு, போடா, நல்லா அடிச்சுப் பாருன்னு சிரிச்சேனே. அதுவும் ஞாபகம் இருக்கு. சிரிச்சது ஞாபகம் இருக்கு.

இத்தனை நாள் தேதி தேதியா ஞாபகம் வெச்சிருந்தது இதுக்குத்தானா?

மார்ச் 24, செவ்வாய்

பேத்தியை விட்டு ஒட்டடையை வரச் சொன்னேன். நாற்காலியை நேராகத்தான் போட்டிருந்தேன். அவன் வாசலிலேயே நின்றான். முடி பாதி நரைத்திருக்கிறது. நான் அவனைப் பார்த்தே எத்தனை நாள் ஆகிறது.

"ஏன்டா சொல்லல?"

எது என்று அவன் கேட்கவில்லை.

"மறுநாளே சொல்ல வந்தேன்மா. நீங்க கதவைச் சாத்தினீங்க. அடுத்த வாரம் வந்தேன். நீங்க மண்ணை வாரித் தூத்திட்டு, அப்படியே உக்காந்து அழுதீங்க. அப்ப எப்படிச் சொல்றது? அப்புறம் சொல்ற காலமே போயிடுச்சு."

"பதினாறு மாசம் என்கிட்ட திட்டு வாங்கியிருக்கே."

"வாங்கத்தான் வேணும்." அவன் குரல் மாறியது. "லைன் கிடைக்கலைன்னதும் நான் நேர்ல வந்திருக்கலாம். பத்து நிமிஷ நடை. ரெண்டு நாளாத் தூங்கல. அவன் ஆபீஸ் போய்ப் பார்த்தா சரியாயிருக்கும், திட்டிட்டு வீட்டுக்குப் போவான்னு நினைச்சேன். படி ஞாபகம் வரல. படுத்துட்டேன்மா. பதினோரு மணி வரைக்கும் தூங்கினேன்."

போகிறபோது கேட்டான்: "வீட்ல தெரியுமா?"

தெரியாது என்றேன்.

"தெரிய வேண்டாம். என் பேர்லயே இருக்கட்டும். நான் பழகிட்டேன்."

மார்ச் 25, புதன்

அவன் சொன்னது எவ்வளவு சௌகரியமாக இருக்கிறது. அதுதான் பயமாக இருக்கிறது. பேத்தியும் வாயைத் திறக்க மாட்டாள். பதினைந்து வயதுப் பெண் இதை மனசில் வைத்துக்கொண்டு அவள் அம்மா எதிரில் உட்கார்ந்து சாப்பிடுகிறாள்.

மார்ச் 26, வியாழன்

மருமகளிடம் சொல்லிவிட்டேன்.

துணி மடித்துக்கொண்டிருந்தாள். நான் ஆரம்பித்ததும் கை நின்றது. முழுதும் கேட்டாள். எனக்கே என் குரல் யாரோ பேசுகிற மாதிரி இருந்தது.

"எத்தனை தடவை அடிச்சுது?"

"ரெண்டு. அப்புறம் நான் எடுத்து வெச்சுட்டேன்."

"நான் பக்கத்து ரூம்லதான் இருந்தேன்" என்றாள். "முழிச்சுக்கிட்டுத்தான் இருந்தேன். ராங் நம்பரான்னு உங்களைக் கேட்டேன். ஆமான்னீங்க."

அது எனக்கு ஞாபகம் இல்லை. யோசித்து யோசித்துப் பார்த்தேன். எனக்கு ஞாபகமே இல்லை.

மீதித் துணியையும் மடித்து அடுக்கிவிட்டு எழுந்து போனாள்.

மார்ச் 30, திங்கள்

கையெழுத்துப் போட்டேன்.

ஆபீஸுக்கே வருகிறேன் என்று நான்தான் சொன்னேன். லிஃப்ட் ஓடுகிறது. நான் படியில் ஏறினேன். மருமகள் முன்னால் ஏறினாள். இரண்டாவது மாடித் திருப்பத்தில் நான் நின்றேன். சாதாரண இடம். சிமெண்டுத் தரை, ஒரு ஜன்னல், ஜன்னலில் யாரோ விட்டுப்போன காகித டம்ளர். மருமகள் ஐந்தாறு படி மேலே போய் அங்கேயே நின்றாள். திரும்பவில்லை. நான் கைப்பிடியைப் பிடித்து ஏற ஆரம்பித்த சத்தம் கேட்டதும் அவளும் ஏறினாள்.

உள்ளே எல்லாரும் எழுந்து நின்றார்கள். எனக்கா நிற்கிறார்கள்! வக்கீலம்மா பதினொரு இடத்தில் விரலை வைத்தாள், பதினொரு இடத்திலும் போட்டேன். என் எழுத்து பெரிது பெரிதாக, கோட்டை விட்டு வெளியே போகும். ஒட்டடை காகிதம் நகராமல் ஓரத்தைப் பிடித்துக்கொண்டான்.

பெயரைப் பற்றி நான் எதுவும் கேட்கவில்லை. கேட்கிற வாய் எனக்கு ஏது?

ஏப்ரல் 17, வெள்ளி

ஒட்டடை வேறு ஊருக்குப் போகிறான், பெரிய கம்பெனியின் தலைமை இடத்துக்கு. சொல்லிக்கொள்ள வந்தான். சாப்பிட்டுவிட்டுப் போ என்றேன். சாப்பிட்டான். முன்னைக்கு இப்போது பாதிதான் சாப்பிடுகிறான்.

மே 5, செவ்வாய்

பேத்தி பார்த்துச் சொன்னாள். புதுப் பெயர் போட்டுவிட்டார்களாம். பந்து அப்படியேதான் துள்ளுகிறதாம்.

ஜூன் 14, ஞாயிறு

மருமகள் என்னோடு பேசி இன்றைக்கு எண்பது நாள்.

ஒரு குறையும் வைப்பதில்லை. சாப்பாடு நேரத்துக்கு வருகிறது. டாக்டரிடம் கூட்டிப் போகிறாள், ஆட்டோவில் பக்கத்தில்தான் உட்காருகிறாள். பேச வேண்டியதைப் பேத்தி நடுவில் நின்று பேசுகிறாள். இன்று காலை, மூன்று பேரும் ஒரே மேஜையில் இருக்கும்போதே:

"பாட்டி, ரத்த அழுத்த மாத்திரை தீர்ந்துடுச்சான்னு அம்மா கேக்கறாங்க."

"ரெண்டு நாளைக்கு இருக்குன்னு சொல்லு."

"அம்மா, ரெண்டு நாளைக்கு இருக்காம்."

மருமகள் தலையாட்டினாள். பேத்திக்கு அழுகை வந்ததா சிரிப்பு வந்ததா தெரியவில்லை, எழுந்து போய்விட்டாள். நாங்கள் இரண்டு பேரும் தட்டைப் பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருந்தோம்.

அவளைக் குற்றம் சொல்ல மாட்டேன். கோபம் எத்தனை நாள் தாங்கும் என்று எனக்குத் தெரியாதா? நான் ஏழு வருஷம் தாங்கியவள். அவள் என்னைவிட நல்லவள், அதில் பாதியில் இறங்கிவிடுவாள் என்று வைத்துக்கொண்டாலும் மூன்றரை வருஷம். எனக்கு இப்போது எழுபத்தாறு.

முன்பெல்லாம் மாத்திரையை மறந்துவிடுவேன், வேண்டுமென்றே விட்டதும் உண்டு. இப்போது காலை ஒன்று, ராத்திரி ஒன்று, தவறாமல் போட்டுக்கொள்கிறேன். அவள் பேசுகிற அன்றைக்கு நான் இருக்க வேண்டும்.